இருந்துகொண்டே விலகிப்போகிறவர்கள்

கம்பெனிகளில் மாதாமாதம் நடக்கும் ரிவ்யூ மீட்டிங்கில் ‘அட்ரிஷன்’ என்று ஒரு ஸ்லைடு வரும். எத்தனை பேர் வேலையை விட்டார்கள், எந்த டிபார்ட்மெண்டில் அதிகம், போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா என்றெல்லாம் அலசுவார்கள். நான் பார்த்தவரை அந்தக் கணக்கில் வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதுக்கு உட்பட்டவர்கள். ஐம்பதைத் தொட்டவர்கள் அநேகமாக இருக்கவே மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர், “நம்ம சீனியர்ஸ் எல்லாம் லாயல் சார்” என்று திருப்தியாகச் சொல்வார்.

பாதிதான் உண்மை. இளைஞருக்கு மனம் வெறுத்தால் வேலையை விடுகிறார். ஐம்பது வயதுக்காரருக்கு மனம் வெறுத்தால் வேலையை விடுவதில்லை. வாய்விட்டுச் சொல்வதை விட்டுவிடுகிறார். அது எந்த ஸ்லைடிலும் வராது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார், பைக் கம்பெனிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தவன் நான். அங்கேயே பர்சனல் ஆபீசராகி, பிறகு பெருங்குடியில் ஒரு மென்பொருள் சேவைக் கம்பெனியின் ஹெச்.ஆருக்கு மாறினேன். சேரும்போது கையெழுத்து வாங்குவதும், போகும்போது செட்டில்மெண்ட் போடுவதும்தான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. இப்போது எனக்கும் அந்த வயது வந்துவிட்டது.

பிரஸ் ஷாப்பில், தகட்டை வெட்டும் அச்சுகளைச் சீர்செய்யும் எங்கள் டூல் ரூமில் ஒரு பெரியவர் இருந்தார். ஐ.டி.ஐ. ஃபிட்டர். திருவள்ளூர் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவார். நான் கிளார்க்காக இருந்தவரை ‘தம்பி’ என்பார். கேபினுக்குள் உட்கார்ந்த மறுநாளிலிருந்து ‘சார்’. எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த அச்சுகளை டை என்போம். எந்த டை தகராறு செய்யப்போகிறது என்பது அவருக்குச் சத்தத்திலேயே தெரியும். டீ கிளாஸோடு ஷாப் பக்கம் வருவார். ஓடுகிற பிரஸ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, “பஞ்ச் மழுங்கிப் போச்சுப்பா. இந்த ஷிப்ட் தாங்கும். நைட்டுக்கு ஏத்தாதே, பர் வரும்” என்பார். பஞ்ச் என்றால் டையில் தகட்டை வெட்டும் பாகம். பர் என்றால் வெட்டுப்பட்ட தகட்டின் ஓரத்தில் நிற்கும் பிசிறு. இப்படி வந்து சொல்வது அவர் வேலையே இல்லை. அதற்காக யாரும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததும் இல்லை.

கைரேகை மெஷின் வந்தது. குறிப்பிட்ட தடவைக்கு மேல் தாமதமானால் சிஸ்டமே மெமோ அடித்துத் தள்ளிவிடும். அரக்கோணம் மார்க்கத்தில் வண்டி லேட்டாகாத மாதம் உண்டா? “தங்கள் நடத்தை குறித்து இதன்மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள்” என்ற ரீதியில் ஒரு தாள் அவருக்கும் வந்தது. அதே தாள் பிரஸ் ஷாப் பையன்கள் பலருக்கும் போனது. அவர்கள் அதைக் கேண்டீனில் வைத்துச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். ஒருவன் அதன் பின்பக்கத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். பெரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறமும் அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. முந்தின வண்டியைப் பிடித்து நேரத்துக்கு வந்தார். கொடுத்த டையைச் சுத்தமாக கிரைண்ட் செய்து கொடுத்தார். டீயை மட்டும் டூல் ரூமுக்குள்ளேயே குடிக்க ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து ஒரு பிராக்கெட் லாட் முழுவதும் பர்ரோடு போய், கஸ்டமர் ரிஜெக்ட் செய்துவிட்டார். அவர்கள் ஸ்டோரிலேயே நம் ஆட்களை உட்காரவைத்துப் பொறுக்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று. விசாரணையில் பெரியவரைக் கூப்பிட்டார்கள்.

“பஞ்ச் போயிருந்தது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்போ சொல்லியிருக்கலாம் இல்ல?”

“யாரும் கேக்கலையே சார்.”

அந்தக் குரலில் கோபமும் இல்லை, நக்கலும் இல்லை. பிளாண்ட் ஹெட் அதை ‘வயசாயிடுச்சு, இன்ட்ரஸ்ட் போயிடுச்சு’ என்று முடித்துக்கொண்டார். மேலதிகாரிகள் வயதின் தலையில் கட்டும் பழிகளில் பாதி இப்படிப்பட்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பல வருடம் கழித்து, இதைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒப்பந்தத்தில் எழுதாத, ஆனால் கம்பெனி செய்யும் என்று ஊழியர் நம்பிக்கொண்டிருக்கும் விஷயங்களை ‘உளவியல் ஒப்பந்தம்’ என்கிறார்கள். அது முறிந்தால் எந்த வயதுக்காரர் எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 60 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம்பிக்கையும் நிறுவனப் பற்றும் இளையவர்களிடம்தான் அதிகம் அடிபடுகின்றன. வேலையில் இருக்கும் திருப்தி மூத்தவர்களிடம் அதிகம் அடிபடுகிறது. இரண்டாவது முடிவு அவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கம்பெனி மீது பற்று இருக்கிறது, வேலை மட்டும் கசந்துவிட்டது என்ற நிலையில் இருக்கிற ஆளை எந்த டூல் ரூமிலும் பார்க்கலாம்.

இளையவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அவர்களே சொல்லிவிடுகிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வந்து கொரட்டூரிலோ மண்ணூர்பேட்டையிலோ ரூம் எடுத்துத் தங்கும் பையன்களுக்கு வேண்டியது நேரத்துக்கு ஓ.டி. காசு, சாப்பிடுகிற மாதிரி கேண்டீன், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினைக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள். கற்றுக்கொடுக்கிற அண்ணன் இருக்கும்வரை பையனும் இருப்பான். அண்ணன் வேறு கம்பெனிக்குப் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். அவர்கள் விசுவாசம் ஆளுக்கு, கம்பெனிக்கு அல்ல. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. இருபத்தைந்து வயதில் ஒருவர் கண்ணால் எதைப் பார்த்தார் என்பது கடைசிவரை கூடவே வருகிறது. பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில் 1996இல் மூடப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. அப்பா, பெரியப்பா எல்லாம் அங்கே இருந்து, தனக்கும் அங்கேயே வேலை என்று வளர்ந்த குடும்பங்கள் வட சென்னையில் ஏராளம். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர் ஐம்பது வயதிலும் எந்தக் கம்பெனியையும் முழுசாக நம்பமாட்டார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2014இல் மூடியபோது அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்களும் பெண்களும். இன்றைக்கு முப்பதுகளில் இருக்கும் அவர்களில் சிலரை இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். சம்பளத்துக்கு முன்னால் அவர்கள் கேட்பது, “உங்களுக்கு எத்தனை கஸ்டமர் சார்?” ஒரே கஸ்டமரை நம்பியிருக்கும் கம்பெனியா என்று தெரிந்துகொள்ளத்தான்.

நடு வயதுக்கு வருகிறேன். மேனேஜர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பெருங்குடியில் டெஸ்டிங் டீமை நடத்திவந்த ஒரு பெண்மணி, நாற்பதைக் கொஞ்சம் தாண்டியவர். கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனி நல்ல சம்பள உயர்வோடு கூப்பிட்டும் போகவில்லை. “பாத்தீங்களா, இதுதான் கல்ச்சர்” என்று அவருடைய மேனேஜர் பெருமைப்பட்டார். என் மேஜையில் இருந்த இன்சூரன்ஸ் ஃபைலில் வேறு காரணம் இருந்தது. அவருடைய அம்மாவுக்கு வாரத்தில் பல நாள் டயாலிசிஸ். எங்கள் குரூப் பாலிசியில் பெற்றோருக்கும் இடம் உண்டு. முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்து பணம் கிடைக்கும். கிண்டிக் கம்பெனியின் பாலிசியில் பெற்றோர் கிடையாது. வெளியே தனியாக எடுக்கலாம் என்றால், அப்படி ஒரு நோயோடு யாரும் பாலிசி கொடுப்பதே கஷ்டம். கொடுத்தாலும் முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. இப்போது அது அதிகபட்சம் 36 மாதம், 2024க்கு முன்பு 48 மாதமாக இருந்தது.

அடுத்த புதுப்பித்தலில் செலவைக் குறைக்கிறேன் என்று கம்பெனி பெற்றோர் காப்பீட்டை எடுத்துவிட்டது. பெற்றோரைச் சேர்க்கும் வேறொரு கம்பெனியைத் தேடிப்பிடித்து அவர் கிளம்பிவிட்டார். “இவ்ளோ வருஷம் இருந்துட்டு ஒரு இன்சூரன்ஸுக்குப் போய்…” என்று மேனேஜருக்கு மனத்தாங்கல். அந்த இன்சூரன்ஸுக்காகத்தான் அவர் இவ்வளவு வருஷம் இருந்தார் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நாற்பதுகளில் இருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு வேளச்சேரி வீட்டுக் கடன், ஒருவருக்குப் பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, ஒருவருக்கு ஆறு மணிக்குக் கிளம்ப முடிவது. சலுகைகளில் கை வைக்கும் முன் அந்தச் சலுகையை யார் யார் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்ப்பது நல்லது. மிச்சமாகும் பிரீமியத்தைவிட அந்த டீம் லீடுக்குப் பதில் ஆள் தேடும் செலவு அதிகம். இதே விஷயம் ஊழியர் பக்கத்திலிருந்தும் முக்கியம். குரூப் பாலிசி வேலையோடு முடிந்துபோகும். வேலையை விடும் முன்பே, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொள்வதும் பிரீமியமும் அவர்கள் கையில்தான். இருந்தாலும் குரூப்பில் கழித்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். இன்னும் நல்லது, நாற்பதுக்குள் உடம்பு நன்றாக இருக்கும்போதே தனியாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

ஐம்பதுக்கு மேல் போனால் எதிர்பார்ப்பு குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. குறைவதில்லை, இடம் மாறுகிறது. பிரமோஷன் வேண்டும் என்று கேட்பது நிற்கும். தன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், பையன்கள் எதிரில் குரல் உயர்த்தக் கூடாது, ஆயுத பூஜைக்குத் தன் மெஷினுக்குத் தன் கையால் பொட்டு வைக்க வேண்டும், கடைசியில் தொங்கவிடாமல் கணக்கை முடிக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்பார்கள், அதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

கணக்கு விஷயத்தில் ஏன் இவ்வளவு படபடப்பு என்று கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். பி.எஃப். பென்ஷனுக்குச் சூத்திரம், பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 20 வருடமோ அதற்கு மேலோ சேவை இருந்தால் இரண்டு வருடம் போனஸாகச் சேரும். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வருடச் சேவை முழுவதையும் அந்த உச்சவரம்பிலேயே போட்டாலும் மாதம் 6,857 ரூபாய்தான் வரும். நடைமுறையில் அதுவும் வராது. 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்குப் பழைய உச்சவரம்பான 6,500 ரூபாய்தான் கணக்கு. குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். சென்னையில் இதில் வாடகைகூடக் கொடுக்க முடியாது.

ஆக, பி.எஃப். தொகையை விட்டால் மொத்தமாகக் கையில் விழுவது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 15,000. முப்பது வருடத்துக்கு நாலரை லட்சம். அடிப்படைச் சம்பளத்தை அடியில் அமுக்கி, மிச்சத்தையெல்லாம் படிகளாகக் காட்டும் கம்பெனியில் இது இன்னும் சுருங்கிவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு: படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பங்கும் ஊதியமாகவே கணக்கில் வரும். பே ஸ்லிப்பை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

இந்த நிலைமையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் வேலையை விடாமல் இருப்பதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது கம்பெனிக்கு வசதி, அவ்வளவுதான். பற்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே அனுபவத்தை வைத்துக்கொண்டு வெளியே போனால் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயமும் கூடவே இருக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அவர் தானாக வந்து கடைசியாக ஒரு கோளாறைச் சொன்னது எப்போது என்று அவருடைய சூப்பர்வைசரைக் கேட்பது. சூப்பர்வைசர் யோசிக்க ஆரம்பித்தால் பதில் கிடைத்துவிட்டது.

டூல் ரூம் பெரியவர் கதையில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மெமோவை யாரும் வாபஸ் வாங்கவில்லை. புதிதாக வந்த புரொடக்ஷன் மேனேஜர், காலையில் ஷிப்ட் பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே டூல் ரூமுக்குப் போவார். “அண்ணே, இன்னிக்கு எத ஏத்தலாம், எத ஏத்தக் கூடாது?” என்று நின்றபடியே கேட்பார். முதல் சில நாள் பெரியவர், “எல்லாம் ஓடும் சார்” என்றார். மேனேஜர் விடாமல் கேட்டார். அப்புறம் ஒருநாள், “அந்த ஹின்ஜ் டைல ஸ்பிரிங் சரியில்ல” என்று வந்தது. அது வந்த பிறகு தாராளமாகவே வந்தது. தாமத மெமோவையும் நாங்கள் மாற்றினோம். சிஸ்டம் அடிப்பதை அடிக்கட்டும், பதினைந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருப்பவருக்கு முதலில் நேரில் பேசிவிட்டுத்தான் தாள் போகும். இதற்காக இளையவர்கள் முணுமுணுத்தார்கள், நியாயம்தான். ஆறு மாதத்தில் அவர்களுக்கும் அதே முறையே வந்துவிட்டது.

இருபதுகளில் இருக்கிறவர்களுக்குச் சொல்வது, வேலை மாறும்போது பி.எஃப்.ஐ உருவிவிடாதீர்கள் என்பதுதான். பைக் வாங்க, அக்கா கல்யாணத்துக்கு என்று நல்ல காரணங்கள் இருக்கத்தான் செய்யும். பத்து வருடம் ஆகாமல் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்தச் சேவையே அழிந்துபோகும். கம்பெனி கம்பெனியாக மாறி, ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டு, கால் நூற்றாண்டு உழைத்தும் பென்ஷனுக்குப் பத்து வருடம் தேறாமல் என் எதிரில் உட்கார்ந்தவர்கள் உண்டு. கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பென்ஷன் சேவையைக் காத்து வைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் என்பார்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலேமுக்கால் வருடத்தில் பேப்பர் போடுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஊர் ஆட்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும், பி.எஃப். ரெக்கார்டில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும், பேங்க் பாஸ்புக்கில் அதுவும் இருக்காது. பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. வேலையில் இருக்கும்போதே ஹெச்.ஆரைப் பிடித்துத் திருத்தினால் சுலபம். ரிட்டயர் ஆகி, கம்பெனியும் கைமாறிய பிறகு ராயப்பேட்டை பி.எஃப். ஆபீஸில் போய் நிற்பது வேறு விஷயம். நாமினேஷனையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்டது கல்யாணத்துக்குப் பின் செல்லாது. தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெறுகிறவர்கள், ஐந்து வருடமாவது சேவை இருந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டித் தங்களுக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். அயனாவரம், கே.கே. நகர் ஆஸ்பத்திரிகளைத் திட்டிக்கொண்டே போகிறவர்கள்கூட இதை விட்டுவிடுவதில்லை. விட்டவர்கள் தெரியாமல் விட்டவர்கள்தான்.

பெரியவர் 58இல் ஓய்வு பெற்றபோது, பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க வாரத்தில் சில நாள் வரச் சொல்லிக் கேட்டோம். சம்மதித்தார். தொகையைப் பற்றி அதிகம் பேசவில்லை. “ஒண்ணே ஒண்ணு சார். கார்டுல ‘காண்ட்ராக்ட்’னு போட்டுடாதீங்க” என்றார். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு எங்கள் கம்பெனியில் மஞ்சள் கார்டு, தனி கேட். அவருக்குப் பழைய நீலக் கார்டிலேயே ‘டூல் ரூம் ஆலோசகர்’ என்று அடித்துக் கொடுப்பதென்று முடிவானது. அட்டை ஐம்பது ரூபாய் இருக்கும். அந்த நீலத்துக்கு அனுமதி வாங்க ஹெட் ஆபீஸோடு ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.